கருப்பட்டி டப்பாவுக்குப் போட்ட பூட்டு

நான் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறவன் என்று திருவொற்றியூரில் ஒரு பேச்சு உலவியது. பேச்சு என்று மரியாதையாகவே சொல்கிறேன். அதைக் கிளப்பியவர்கள் என் வீட்டிலும் என் நடைப்பயிற்சிக் கூட்டத்திலும் இருந்ததால் கடுமையான சொல்லைப் பயன்படுத்த மனம் வரவில்லை. நான் எழுபது வயதைக் கடந்தவன், பட்டதாரி, சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தந்தையார் தொடங்கிய கடையை நெடுங்காலம் நடத்தி, குறை சொல்ல இடமில்லாமல் மகன் கையில் ஒப்படைத்தவன். எடை குறைந்தது என்று என் கல்லாவுக்கு முன்னால் யாரும் வந்து நின்றதில்லை. அப்படிப்பட்டவன் சமையலறையில் பூனை நடை நடந்து லட்டு எடுக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாரும் நம்பினார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமையாகிறது.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இரும்பு வணிகத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. துருப்பிடித்த கம்பிக்கும் தகட்டுக்கும் ரெட் ஆக்சைடு என்னும் செந்நிறப் பூச்சை அடித்து, நல்ல சரக்கு என்று தள்ளிவிடுவார்கள். துருவும் சிவப்பு, பூச்சும் சிவப்பு என்பதால் கண் ஏமாந்துபோகும். நான் ஏமாந்ததில்லை. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒருமுறை சுரண்டுவேன். உள்ளே இருப்பது பொடியாக உதிர்ந்தால், லாரி வந்த வழியே திரும்பும். இந்த நகத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது.

சர்க்கரை நோய் எனக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதை நான் நச்சரிக்கும் வாடிக்கையாளரைப் போல நடத்திவந்தேன். அளவோடு பேசி, அத்துமீற விடாமல். காலையில் இரண்டு இட்லி; மூன்றாவதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மதியம் சிறு கிண்ணத்தில் சோறு, மீன் குழம்பு, கீரை. இரவில் சப்பாத்தி. காப்பி எனக்குக் கசப்பாகவே பழகிவிட்டது. இந்த வயதில் என் வகையறா ஆண்களுக்கு முன்னால் நடந்துபோகும் தொப்பையும் எனக்கு இல்லை. சட்டையை வேட்டிக்குள் செருகினாலும் கௌரவமாகவே இருக்கும்.

விடிந்ததும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலோரமாக நடப்பேன். ஒரு பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அவற்றின் ஓட்டுநர்கள் தண்ணீர் பாட்டிலும் கையுமாகப் பல் துலக்கிச் சாலையோரம் வெள்ளை நுரையைத் துப்பும் காட்சியைக் கடந்துதான் எங்கள் டீக்கடைக்குப் போகவேண்டும்.

அந்த டீக்கடையில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொருவரும் தத்தம் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவைச் சத்தமாகச் சொல்லவேண்டும். யாருடையது குறைவோ அவருக்கு அடுத்த மாதம் முழுவதும் கடையின் ஒரே நாற்காலி. மற்றவர்கள் கல்லின் மேல்தான் அமரவேண்டும். இதற்காகவே முந்தின இரவு பாதி வயிற்றோடு படுக்கிறவர்கள் எங்களில் உண்டு. நான் அந்தக் குறுக்கு வழியை நாடியதில்லை. நாடாமலேயே நாற்காலி வெகுகாலம் என்னிடம் இருந்தது. கூட்டத்தின் தலைவர் என்று என்னை அழைக்கத் தொடங்கியதும் அந்த நாற்காலியால்தான்.

பிறகு அது போயிற்று. ஒரு மாதம் மட்டும் என்றால் கண்ணேறு என்று விட்டிருப்பேன். மாதா மாதம் என் அளவு ஏறியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னா தலிவரே, கல்லு குத்துதா? ராவுல உங்க வூட்ல ஃப்ரிட்ஜு லைட்டு எரியுதுன்னு ஊரே பேசிகினு கீது."

"நான் எழுந்திருக்கிறது தண்ணி குடிக்க."

"அத்தான் நானும் சொல்றேன். அந்தத் தண்ணியில குலாப்ஜாமூன் மெதந்துதா இல்லியா, அத்தச் சொல்லு."

"பேச்சை அளந்து பேசுங்க."

"நான் அளந்துதான் பேசுறேன் தலிவரே. உன் சக்கரதான் அளவில்லாம போய்கினு கீது."

எல்லாரும் சிரித்தார்கள். டீ ஆற்றியவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோபத்தால் மட்டுமல்ல; அப்போதெல்லாம் வாயை அதிகம் திறப்பதில்லை என்ற பழக்கம் எனக்குத் தானாகவே வந்திருந்தது. அது வயதுக்கேற்ற கம்பீரம் என்று கருதியிருந்தேன்.

ராயபுரத்தில் எனக்குச் சர்க்கரை வைத்தியம் பார்க்கும் மருத்துவர் குறைவாகப் பேசுகிறவர். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத்தான் அவர் நம்புவார். அரை வயிற்றோடு படுத்தெழுந்து அதை ஏமாற்ற முடியாது. அதுவும் ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார். ஏழுக்குள் இருக்கவேண்டிய அளவு அதற்கும் மசியாமல் ஒன்பதை ஒட்டி நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டு விஷயத்துல உண்மையைச் சொல்லணும் சார்."

"நான் பொய் சொல்றதில்லை டாக்டர்."

"கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

"மூணு மாசம் டைம் தர்றேன். இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான். அதுல ஒண்ணும் தப்பில்ல, நிறையப் பேர் போட்டுக்கிறாங்க. ஆனா ஏன் ஏறுதுன்னு தெரியாம போட எனக்குப் பிடிக்கல."

ஊசியைக் கண்டு நான் அஞ்சவில்லை. ஊசி போடத் தொடங்கினால் என் மீது சொல்லப்பட்ட பழி உறுதியாகிவிடும் என்பதுதான் என் கவலை. "இவர் தின்ன லட்டுக்கு ஊசி" என்று டீக்கடையில் சொல்வார்கள். அதையும் தாங்கிக்கொள்ளலாம். என்னோடு வாழ்நாளைக் கழித்தவள் அதை நம்புவாள் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் நம்பினாள் என்பதற்கு மறுநாளே சான்று கிடைத்தது. உடன்குடியிலிருந்து அவளுடைய தங்கை அனுப்பும் கருப்பட்டியை ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பாள். அந்த டப்பாவின் கொண்டியில் ஒரு பூட்டுத் தொங்கியது. சாதாரணப் பூட்டும் அல்ல. எங்கள் கிடங்கின் பழைய பித்தளைப் பூட்டு. பல டன் இரும்பைக் காத்ததை, நானே துடைத்து எண்ணெய் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

"இது என்ன?"

"பூட்டு."

"பூட்டுன்னு தெரியுது. எதுக்கு?"

"எறும்பு வருதுங்க."

"எறும்பு மூடியைத் தொறக்குமா?"

"சின்ன எறும்பு தொறக்காது," என்று சொல்லிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எத்தனையோ பேருடைய சரக்குக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன். ஒருவரும் எனக்கு எதிராகப் பூட்டுப் போட்டதில்லை. அன்று மதியம் அந்தச் சிறு கிண்ணச் சோற்றையும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். "வயிறு வேற எங்கயோ நெறஞ்சிருக்கு," என்றாள்.

இந்தச் சமயத்தில் அம்பத்தூரில் இருக்கும் மகள் வீட்டில் பேரனின் பிறந்தநாள் வந்தது. அங்கே ஓர் இரவு தங்கினோம். கேக்கை நான் தொடவில்லை என்பதை அத்தனை பேரும் பார்த்தார்கள். என் மனைவி என் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிக்கல் மறுநாள் காலையில் வந்தது. எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிவப்புப் பற்பொடிதான். சுட்டுவிரலால் தொட்டுத் தேய்த்துக் கொப்பளித்தால் முடிந்தது. பிரஷ் என்பது பல் சரியில்லாதவர்களுக்கு என்பது தந்தையார் கருத்து. முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்க, பல் மருத்துவர் ஒருவருக்கும் வாயைக் காட்டாதவன் என்று நானும் சபைகளில் சொல்லியிருக்கிறேன். அன்று பற்பொடியை எடுத்துவர மறந்திருந்தோம். மகள் கொடுத்த புது பிரஷ்ஷையும் மாப்பிள்ளையின் வெள்ளைப் பற்பசையையும் வைத்துத் துலக்கினேன். வாஷ்பேசின் முழுவதும் ரத்தம்.

சிற்றுண்டியின்போது மாப்பிள்ளையிடம் பொறுமையாக எடுத்துரைத்தேன்.

"அந்தப் பேஸ்ட்டுல ஏதோ அமிலம் இருக்கு மாப்பிள்ளை. ஈறைக் கிழிக்குது. குழந்தைக்குக் கொடுக்காதீங்க."

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அன்றே பற்பசையை மாற்றிவிட்டதாகப் பிறகு அறிந்தேன். நான் வீட்டுக்கு வந்து என் சிவப்புப் பொடிக்குத் திரும்பினேன். கொப்பளித்த தண்ணீர் எப்போதும்போலச் செம்மையாகப் போயிற்று. ரத்தம் என்று ஒன்றும் இல்லை. காரணத்தை நீக்கினேன், விளைவு நீங்கியது. இதைவிடத் தெளிவான நிரூபணம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது என்று திருப்தி அடைந்தேன்.

அடுத்தமுறை ராயபுரத்துக்குப் போனபோது மருத்துவர் ஒரு துப்பறிவாளரைப் போலத் தொடங்கினார். உடம்பில் எங்கேனும் புண்ணோ சீழோ மறைந்திருந்தால் சர்க்கரை இறங்காது என்றார். காலை நீட்டச் சொல்லி விரலிடுக்குவரை பார்த்தார். சிறுநீர்ப் பரிசோதனையைப் பார்த்தார், சுத்தம். நெஞ்சில் சளி இல்லை.

"பல்லு?"

"முப்பத்திரண்டும் இருக்கு."

"இருக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற. யாரு பாத்தாங்க?"

"பார்க்கவேண்டிய அவசியமே வரலை."

"அப்ப பல் டாக்டர் பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுக்கட்டும்."

எழுத்து மூலமான நற்சான்று என்றதும் எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அதை வாங்கிவருவதற்காகவே திருவொற்றியூரில் மாடிப்படி ஏறி ஒரு பல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். நான் வந்து சொல்வதை நம்பத் தயாராக இல்லாத என் மனைவியும் உடன்வந்தாள்.

மருத்துவர் இளம்பெண், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என்னை எடுத்த எடுப்பில் 'அப்பா' என்றார். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, நுனி மழுங்கிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெல்ல இறக்கினார். எதையும் கிழிக்கவில்லை, சும்மா வைத்து எடுத்தார். கம்பி போன ஆழத்தை ஒவ்வொரு பல்லுக்கும் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு வெள்ளைத் துணியை ஈறில் ஒற்றி என் கண்ணுக்கு எதிரே காட்டினார். துணி சிவந்திருந்தது.

"எத்தினி வருஷமாப்பா ரத்தம் வருது?"

"எனக்கு ரத்தமே வந்ததில்லை."

"பல்லு தேய்க்கசொல்லகூட வரலியா?"

"இல்லை."

"இன்னா வச்சுத் தேய்க்கிறீங்க?"

"பற்பொடி. சிவப்புப் பற்பொடி."

அவர் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் சிரித்தது. "செவப்புப் பொடியில செவப்பு ரத்தம் வந்தா எப்டிப்பா தெரியும்?" என்றார்.

அதற்குள் கம்பி மறுபடி வாய்க்குள் வந்திருந்தது. ஆனால் என் கட்டைவிரல் நகம் நாற்காலியின் கைப்பிடியைத் தானாகவே சுரண்டியது. ரெட் ஆக்சைடுக்கு உள்ளே இருக்கும் துருவை ஒருநாளும் தவறவிடாத நகம், தன் உடையவனின் வாயைப் பார்க்கத் தவறிவிட்டது. மகள் வீட்டுப் பற்பசை குற்றமற்றது என்பதும், நான் கூறிய தீர்ப்பால் அது வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது என்பதும் அந்த நிமிடத்தில் விளங்கின.

"இதுக்கும் சக்கரைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டது என் மனைவி.

மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, இவரு கையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண்ணு இருந்தா சும்மா வுட்டிருப்பீங்களா? வாயில அத்தினி பல்லச் சுத்தியும் ஈறுக்கு அடியில இருக்குற புண்ண ஒண்ணா விரிச்சா கிட்டத்தட்ட அந்த அளவு வரும். வலிக்காது, அதான் தெரியல. அந்தப் புண்ணோட ஒடம்பு நாள் பூரா சண்ட போட்டுகினே இருக்கு. அழற்சின்னு சொல்வோம். சண்டையில வர்ற கழிவு ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா போவுது. அது இன்சுலின ஒழுங்கா வேல செய்ய வுடாது. சக்கர ஏறும். சக்கர ஏறினா ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டா மறுபடி சக்கர."

"அப்ப இவரு இனிப்புத் திங்கலையா?"

"அது எனக்கு எப்டிம்மா தெரியும்? திங்காமயும் ஏறும்னு சொல்றேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மருத்துவர் நேர்மையானவர், இதைச் சரிசெய்தால் சர்க்கரை மாயமாகிவிடும் என்று சொல்லவில்லை. ஓரளவு இறங்க உதவும், மாத்திரையும் நடையும் அப்படியே தொடரவேண்டும் என்றார். பல தவணைகளில் ஈறுக்கு அடியில் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்தார். படகின் அடிப்பக்கத்திலிருந்து சிப்பியைச் சுரண்டுவது போன்ற ஓசை மண்டைக்குள் கேட்டது. கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று பிடிப்பில்லாமல் ஆடியது, அதை எடுக்கவேண்டியதாயிற்று. ஆகவே இனி நான் முப்பத்தொன்று என்றுதான் சொல்லவேண்டும். சொல்கிறேன்.

வீட்டில் சிவப்புப் பொடி டப்பாவை நானே குப்பையில் போட்டேன். மென்மையான பிரஷ், வெள்ளைப் பற்பசை, பல்லிடுக்குக்கென்று ஒரு குட்டி பிரஷ். தொடக்கத்தில் பேசின் சிவந்தது; பிறகு இளஞ்சிவப்பானது; ஒருநாள் வெறும் வெள்ளை நுரை மட்டும் போயிற்று. லாரி ஓட்டுநர்கள் துப்பியதும் இதே நிறம்தான். அவர்களைக் கடந்து நடக்கையில் இப்போது லேசாகத் தலையசைக்கிறேன்.

டீக்கடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கிரேன் ஓட்டிய நண்பர் எப்போதும் காற்று வரும் பக்கமாகவே இடம்பிடித்து உட்காருவார். உயரத்தில் வேலை பார்த்தவருக்குக் காற்றின் திசை முக்கியம் போலும் என்று நான் எண்ணியிருந்தேன். இரும்புக் கடையில் வாடிக்கையாளர்கள் என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்று பேசுவதையும் மரியாதை என்றே கணக்கில் வைத்திருந்தேன். அன்று அவர் என் பக்கத்துக் கல்லிலேயே வந்து உட்கார்ந்தார்.

"தலிவரே, தப்பா எடுத்துக்காத. ஒண்ணு சொல்லட்டா?"

"வேண்டாம்."

"சரி, சொல்லல. ஆனா நல்லா கீது."

"என்ன நல்லா இருக்கு?"

"காத்து," என்றார் கடலைப் பார்த்துக்கொண்டே. பிறகு வாயைக் கையால் மூடியபடி, அந்த மாடிப்படி மருத்துவமனை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன்.

மூன்று மாதக் கெடு முடிந்தது. ராயபுரத்து மருத்துவர் தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒன்பதை ஒட்டி நின்றது எட்டை ஒட்டி வந்திருந்தது. இன்னும் இறங்கவேண்டும், ஆனால் ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் காத்திருந்த தருணம் அதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"டாக்டர், இதனால நான் இனிப்புத் தின்னலைங்கறது உறுதியாகுது இல்லையா? அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லுங்க."

அவர் என் மனைவியைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "ஒருத்தர் இனிப்புத் தின்னலைன்னு சொல்ற டெஸ்ட்டு எதுவும் இல்ல சார். அதை வீட்டுலதான் சொல்லணும்."

வீட்டில் சொல்லவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது, மழை வருமா என்று கேட்டாள். வராது என்றேன். கருப்பட்டி டப்பாவில் பித்தளைப் பூட்டு பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அது பளபளத்ததும் நான் விட்ட எண்ணெயால்தான்.

சிவப்புப் பொடியை நான் எறிந்ததும் மனைவி தனக்கென்று ஒரு சிறு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அது ராயபுரம் போய்வந்த மறுநாள் காலையில் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி என் பற்பசையை எடுத்துக்கொண்டு போனாள். நான் கூடத்தில் நாளிதழைப் பிரித்து வைத்திருந்தேன். தண்ணீர்க் குழாய் ஓடியது, நின்றது, மறுபடி வெகுநேரம் ஓடியது. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்தபடி கதவருகில் வந்து நின்றாள்.

"ஏங்க."

"சொல்லு."

"இந்தப் பேஸ்ட்டு சரியில்லைங்க. ஈறக் கிழிக்குது."

நாளிதழை நான் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். எத்தனையோ பதில்கள் நாக்கின் நுனிவரை வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினேன். அந்தக் காலத்தில் துருச் சரக்கு லாரிகளைத் திருப்பி அனுப்பியதுகூட எனக்கு அவ்வளவு சிரமமாக இருந்ததில்லை.

"சாயங்காலம் அந்த டாக்டரம்மாகிட்ட உனக்கு ஒரு டோக்கன் போட்டுடறேன்," என்றேன்.

நாளிதழின் மறுபக்கத்திலிருந்து அவள் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு சமையலறைக்குள் போனாள். சாவி திரும்பும் ஓசை கேட்டது. அந்தப் பூட்டின் ஓசை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். காப்பியைக் கொண்டுவந்து வைத்தபோது டம்ளருக்குப் பக்கத்தில் பூட்டையும் சாவியையும் சேர்த்து வைத்தாள்.

"இத கடைக்கே அனுப்பிடுங்க."

"எறும்பு வருமே."

"எறும்பெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

காப்பி வழக்கம்போலக் கசப்பாகவே இருந்தது. முழுவதையும் குடித்தேன்.